வரிசையில் நிற்கச் சொன்ன குரல்

சேவை செய்வதற்காக நான் நர்சிங் எடுக்கவில்லை. அதட்டுவதற்காக எடுத்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து, 'ஐயோ பாவம், சின்னப் பெண்தானே' என்று நீங்கள் உச்சுக் கொட்டக் கூடாது. உங்கள் உச்சுக் கொட்டல் எனக்கு வேண்டவே வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு எது தப்பு என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்!

உங்களுக்கு என்னை நினைவிருக்கும். பள்ளி ஆண்டு விழாவில் என்னை மேடையேற்றி, "பவானி, நீ ஏம்மா நர்சிங் குரூப் எடுத்தே?" என்று தலைமையாசிரியை கேட்டார். முன்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் இல்லையென்றால் உங்களைப் போன்ற ஒருவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு கதை சொன்னேன். என் அம்மா மயங்கிக் கிடந்தபோது ஒரு நர்ஸ் அவள் கையைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அந்தக் கையாக நானும் ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்... இப்படி. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். வெள்ளுடைத் தேவதை என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அத்தனையும் பொய். அந்த நர்ஸ் என் அம்மாவின் கையைப் பிடித்தது ஊசி குத்துவதற்கு மட்டும்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா, வெயிலில் அப்படியே சாய்ந்துவிட்டாள். நிலம் தணிகாசலத்துடையது. ஊர்த்தெருவில் பெரிய வீடு அவருக்கு. நாங்கள் காலனி. என் நைனா அவருடைய டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் எதிரில் நிற்கும்போது செல்போன் அடித்தால்கூட நைனா எடுக்க மாட்டார். அம்மாவுக்கு அவர் நிலத்திலும் வேலை, வீட்டு வாசலிலும் வேலை. வாசல் வரைதான். படியேறியதில்லை.

தண்ணீர் கேட்டால் அவர் மனைவி வேதவல்லி பேப்பர் கப்பில் கொண்டுவந்து தருவாள். செஞ்சி பஜாரில் கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்தார்கள், எங்களுக்கென்றே! உள்ளே அலமாரியில் ஸ்டீல் டம்ளர்கள் பளபளவென்று அடுக்கியிருக்கும். "இதுதான் கன்னிமா சுத்தம். குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடலாம் பாரு" என்பாள். கன்னியம்மா என் அம்மா. சுத்தமாம்... யாருக்கு யாரிடமிருந்து சுத்தம்? அந்த வீட்டில் ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கன்னிமா பொண்ணு'. அவ்வளவுதான் நான்.

அம்மாவை டிராக்டரிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று துருவாதீர்கள். தணிகாசலம் பைக்கில் பின்னாலேயே வந்தார். வார்டுக்குள் நின்று, ஒரு காலைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மல்லாட்டை விலையைப் பற்றிப் போனில் கத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த நர்ஸ் திரும்பினார்.

"யோவ்! இது இன்னா உன் வூட்டுக் களமா? போனை வெளிய எடுத்துக்கினு போ. ஒதுங்கு!"

நைனா அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார். தணிகாசலம் காலைக் கீழே இறக்கினார். "சரிம்மா... சரிம்மா..." என்று வெளியே போனார். அடி வாங்கிய பையன் மாதிரி போனார். 'தளவானூர்ப் பக்கம் காலனியாம் அந்தம்மா, நம்ம ஆளுங்கதான்' என்று பிறகு நைனா காதோடு காதாகச் சொன்னார்.

அம்மாவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண் செருகிக் கிடந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பெற்றவள் பிழைப்பாளா மாட்டாளா என்றிருந்த நேரத்தில், நான் அந்த நர்சின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! அந்தக் குரல் எனக்கு வேண்டும். அது மட்டும்தான் வேண்டும். இதுதான் நான் நர்சிங் எடுத்த கதை. இப்போது கைதட்டுங்களேன்!

பதினொன்றாம் வகுப்பில் நர்சிங் குரூப் எடுத்தேன். உடம்பின் எலும்புகளை மனப்பாடம் செய்ததைவிட, வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று 'ஒதுங்கு' என்று சொல்லிப் பழகியதுதான் அதிகம். "யாரைடீ இந்தத் திட்டு திட்டுற?" என்று அம்மா கேட்பாள். யாரையென்று அவளிடம் சொல்ல முடியுமா?

பன்னிரண்டாம் வகுப்பில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வெள்ளைக் கோட்டு, முகத்தில் மாஸ்க். படுக்கை விரிப்போம், காய்ச்சல் பார்ப்போம். புற நோயாளிகள் டாக்டரிடம் போவதற்கு முன்னால் பி.பி. பார்த்துச் சீட்டில் எழுதித் தருவோம். அந்த மேஜை எனக்கு மிகவும் பிடிக்கும். எதிரே வரிசை நிற்கும். ஜன்னலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். கோட்டைக்கு ஒரு ராஜா இருந்தானாம், இந்த மேஜைக்கு நான்! சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அப்போது ராஜா மாதிரிதான் இருந்தது.

அந்த வாரம்தான் எங்கள் மிஸ் வகுப்பில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். வாய் கோணுதா, கை மரத்துப் போகுதா, பேச்சு குழறுதா... ஒன்றைப் பார்த்தாலும் வரிசை கிரிசை பார்க்காதே, ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடு. தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கொண்டிருக்கும். நான்தான் முதல் பெஞ்சு. நன்றாகக் கேட்டேன், எழுதிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை. கூட்டம் நெரிந்தது. வரிசையை ஒதுக்கிக்கொண்டு ஒருவர் நேரே என் மேஜைக்கு வந்தார். தணிகாசலம்!

"மா, இவங்களைக் கொஞ்சம் மின்னாடி பாரும்மா. காலையிலிருந்து ஒரு மாதிரியா இருக்குறாங்க."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார், மாஸ்க் போட்டால் தெரியாமல் போக?   இத்தனை நாள் கண்ணாடியோடு பேசியது வாய்க்கு வந்துவிட்டது.

"யோவ், இது இன்னா உன் வூட்டுக் களமா? எல்லாரும் மனுசங்கதான். லைன்ல போய் நில்லு!"

"சரிம்மா" என்றார். அதே 'சரிம்மா'! ஐயோ, அது எப்படி இனித்தது தெரியுமா உங்களுக்கு? உங்களுக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஒருவர் வாசலில் ஒதுங்கி நின்றவர்களுக்குத்தான் அது தெரியும்.

அவர் வரிசையின் கடைசிக்கு நடந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த வேதவல்லி மட்டும் முன்னால் வந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள். என் கண்ணைப் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும்தான் தெரியும். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

"பவானி... நீ பவானிதானே? தலை கிறுகிறுன்னு வருது மா. இந்தக் கை... மரத்துப்போன மாதிரி இருக்குது. கொஞ்சம் பாக்கச் சொல்லும்மா."

என் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது! முதல் முறையாகச் சொல்கிறாள். அதுவும் வேலை ஆக வேண்டிய நேரம் பார்த்து... அப்படித்தான் நினைத்தேன். பேச்சு லேசாகக் குழறியதைக் கேட்டேன். வாயோரம் ஒரு பக்கம் இழுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், பார்த்தேன்! இதற்காக என்னை நானே எத்தனை முறை வேண்டுமானாலும் அறைந்துகொள்ளலாம், பார்க்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

"எல்லாருக்கும்தான் தலை சுத்துது. லைன்ல நில்லு."

என் அம்மா வயதுக்காரியை 'நில்லு' என்றேன். அவள் போனாள். கடைசியில் போய் நின்றாள். சுவரில் சாய்ந்தாள். நான் அடுத்தவர் கையில் பி.பி. பட்டையைச் சுற்றினேன். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கட்டும், என் அம்மா நின்றதைவிடவா, என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. வரிசை மெல்ல நகர்ந்தது. பிறகு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். வேதவல்லி தரையில் கிடந்தாள்.

சிஸ்டர் ஓடி வந்தார். "மின்னாடியே வந்து சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று தணிகாசலத்தைத் திட்டினார்.

"சொன்னேனே சிஸ்டர்! ஒரு பொண்ணு லைன்ல நிக்கச் சொல்லிட்டுது."

"எந்தப் பொண்ணு?"

தணிகாசலம் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "தெரியலையே மா... எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க" என்றார். சிஸ்டர் எங்களைக் கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஊரையே அதட்ட வந்தவளின் குரல் தொண்டைக்குள் எங்கே போய் ஒளிந்ததோ!

விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. புரிகிறது, பேச வரவில்லை என்றார்கள். அதைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'அப்படியானால் யாருக்கும் தெரியாது.' துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வீட்டுக்கு அழைத்து வந்ததும் தணிகாசலம் நைனாவைக் கூப்பிட்டனுப்பினார். "கன்னிமா வந்து இவங்களைப் பாத்துக்கட்டும். உன் பொண்ணு நர்சு படிக்குதாமே... சாயந்திரத்துல வந்து, டாக்டர் சொன்ன பேச்சுப் பயிற்சியைக் குடுக்கட்டும்."

போக மாட்டேன் என்றேன். "ஏன்டீ, நீ சேவை செய்யத்தானே இதைப் படிக்கிற?" என்று கேட்டாள் அம்மா. மேடையில் நான் சொன்னதை நம்பியவள் அவள்! எந்த நர்சும் தன் கையைப் பிடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? மயக்கத்தில் கிடந்தவளுக்கு எப்படித் தெரியும்?

அப்படித்தான் நாங்கள் அந்த வாசற்படியை ஏறினோம். அம்மா இப்போது வேதவல்லியைத் தூக்குகிறாள், குளிப்பாட்டுகிறாள், மலம் துடைக்கிறாள், வாயில் சோறு ஊட்டுகிறாள். அதையெல்லாம் தொடலாமாம்! டம்ளரை மட்டும் தொடக் கூடாது. அம்மாவுக்கு டீ இன்றைக்கும் பேப்பர் கப்பில்தான், பின்கட்டில்தான் வருகிறது.

நான் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'மா சொல்லுங்க, பா சொல்லுங்க' என்பேன். 'நில்லு' என்ற வாய் இப்போது 'சொல்லுங்க' என்கிறது. வேதவல்லி பயிற்சிப் படங்களைப் பார்ப்பதே இல்லை. என் கண்ணையே பார்ப்பாள். உதடு துடிக்கும். "ப்... ப்..." என்று காற்று வரும். அவள் எதைச் சொல்ல முயல்கிறாள் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

அதனால் அவளைப் பேசவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஆமாம்... இதையும் செய்தேன்! உதட்டுப் பயிற்சியைக் குறைத்தேன். "இன்னிக்குக் களைப்பா இருக்குறாங்க, போதும்" என்று தணிகாசலத்திடம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். "ப்" என்று தொடங்கும்போதெல்லாம் தண்ணீர் ஸ்பூனை வாயில் வைத்துவிடுவேன். அவள் விழுங்குவாள், விழுங்கிவிட்டு மறுபடி என்னைப் பார்ப்பாள். குற்றம் சொல்கிற பார்வையா, கெஞ்சுகிற பார்வையா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயந்தேன்.

நர்சிங் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. நேற்று சாயங்காலம் அதைச் சொல்ல அம்மா என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். தணிகாசலமும் கட்டிலருகே இருந்தார். வேதவல்லி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஸ்பூனை எடுக்க என்னால் முடியவில்லை.

"ப... வா... னி."

தெளிவாக வந்தது.  அடுத்த வார்த்தை வரப் போகிறது, எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. தணிகாசலம் குழந்தை மாதிரி அழத் தொடங்கிவிட்டார்.

"கன்னிமா, பாத்தியா! என் பேரு வரலை, புள்ளைங்க பேரு வரலை... உன் பொண்ணு பேருதான் மொதல்ல வருது! பேச்சைத் திருப்பிக் குடுத்த மகராசி மா நீ!"

சொல்லியிருக்கலாம். நான்தான் ஐயா, அந்த மாஸ்க்குக்குள் இருந்தது நான்தான், என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்... பெருமையில் பூரித்துப்போயிருந்தது அந்த முகம். அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நம்பாதீர்கள். கல்லூரி போய்விடும் என்று பயந்தேன்.

தணிகாசலம் தாமே சமையலறைக்குப் போனார். காபி கொண்டுவந்தார். ஸ்டீல் டம்ளரில்! அலமாரியிலிருந்து எடுத்த, ஆவி பறக்கிற டம்ளர். இரண்டு கையாலும் நீட்டினார். "உக்காந்து குடிம்மா" என்றார். இதற்காகத்தானே... இந்த ஒன்றுக்காகத்தானே இத்தனை வருஷம் கறுவிக்கொண்டிருந்தேன்!

அம்மாவுக்கும் காபி வந்தது. பேப்பர் கப்பில். அவள் அதை வாங்கிக்கொண்டு, வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போனாள்.

என் மணிக்கட்டை வேதவல்லி இன்னும் விடவில்லை. மற்றக் கையால் டம்ளரை வாங்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. இன்று சாயங்காலம் மறுபடி போக வேண்டும், அவளுக்கு அடுத்த வார்த்தையைச் சொல்லிக் கொடுக்க.