கண்டக்டர் சட்டையில் ஒரு பெயர்

என் நாத்தனாரின் பெயர் இருப்பாள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நானும் சிரித்தவள்தான். கல்யாணத்துக்கு முன் என் வீட்டுக்காரர் தனக்கு ஒரு தங்கை உண்டு, பெயர் இருப்பாள் என்று சொன்னபோது, "நல்லா இருக்கட்டும், பேரைச் சொல்லுங்க" என்றேன். மனிதர் அன்று முழுக்க என்னுடன் பேசவில்லை.

இந்தப் பெயருக்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். பழைய காலத்து ராணி ஒருத்தியின் பெயர் என்று பஸ்ஸில் ஒரு பேராசிரியர் அடித்துச் சொன்னாராம். குழந்தைப் பெயர்களுக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் போட்டிருக்கிறார்கள்: பொருள், கையிருப்பு உடையவள். ராசியான நிறம், இளமஞ்சள். குணம், அமைதி. அமைதியாம்! மாதக் கடைசியில் அவளுடைய கையிருப்பு என்ன என்று எனக்குத் தெரியும். அவளுடைய அமைதியைப் பற்றி அவள் பஸ்ஸில் ஒருமுறை ஏறியவர்களைக் கேளுங்கள்.

உண்மையான கதை வேறு. என் மாமனார் லிஃப்ட் மெக்கானிக். என் வீட்டுக்காரருக்கும் இவளுக்கும் நடுவே அவருக்கு ஒரு பெண் பிறந்து, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் பெயர் வைப்பது என்று அந்தக் குடும்பத்தில் ஒரு பிடிவாதம். ஆசையாய்ப் பெயர் வைத்துவிட்டுப் பறிகொடுத்தால் தாங்காது என்ற பயம்தான், வேறென்ன. அதனால் அந்தக் குழந்தை பெயரில்லாமலே போனது. மாமனாருக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்ததாம். என்ன சொல்லிக் கூப்பிட்டு அழுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மாமியார் இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

அடுத்துப் பிறந்தவள் இவள். அவசரக்குடுக்கை, மாசம் நிறையாமலே வந்துவிட்டாள். உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மிச்சம் இருக்குமாம். பொழுது விடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நர்ஸ் இழுத்தார். மாமனார் கையில் கிரீஸ் கறையோடு வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். "எம் பொண்ணு பேரு இருப்பாள். எழுதிக்குங்க" என்றார். அது பெயரா பிரார்த்தனையா என்று நர்ஸுக்கே விளங்கவில்லை. ஆனாலும் கட்டிலில் தொங்கிய அட்டையில் எழுதினார்.

அப்படி வந்தவள் சும்மா இருப்பாளா? பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. தான் ஒருநாள் வராவிட்டால் வருகை எடுக்கும்போது, "இருப்பாள் இல்ல டீச்சர்" என்று வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுக்கக்கூடாது என்ற ரோஷம். பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெயரை மாற்றச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளையை மாற்றினாள். பெயரைக் கேட்டும் முகத்தை நேராக வைத்திருந்த ஒரு எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டாள்.

வேலை, டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அந்த வேலைக்கென்றே செய்த தொண்டை அவளுக்கு. பின்படியில் நின்று விசில் ஊதாமலே பஸ்ஸைக் கிளப்புவாள். ஒரே தொல்லை, டிரைவர் அவளை "இருப்பா" என்று கூப்பிட்டால் இறங்கப் போகிறவர்கள் எல்லாம் படியிலேயே நின்றுவிடுவார்கள். ஏதோ தங்களைத்தான் நிற்கச் சொல்கிறார் என்று நினைப்பு. சட்டைப் பையின் மேல் பேட்ஜ் குத்தியிருப்பாள். அதில் பெயர் பளிச்சென்று இருக்கும்.

அந்த பஸ் பெரிய ஆஸ்பத்திரி வழியாகப் போகிறது. அங்கே மாசம் நிறையாத குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தாயை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாய் பாலைப் பீய்ச்சி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, தினமும் பஸ் ஏறிக் கொண்டுபோக வேண்டும். பச்சை உடம்பு, கண்ணெல்லாம் வீங்கி, பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறுவார்கள். முன் சீட்டு இரண்டும் அவர்களுக்குத்தான் என்பது என் நாத்தனார் போட்ட சட்டம். யாராவது தெரியாமல் உட்கார்ந்திருந்தால் போதும். "பால் வருது, எழுந்திரிங்க" என்பாள். பதவியில் இருப்பவர்கள்கூட எழுந்திருப்பார்கள்.

உட்கார்ந்தவர்கள் சும்மா இருக்காமல் பேட்ஜைப் படிப்பார்கள். இதென்ன பேரு அக்கா என்று கேட்பார்கள். அவளும் டிக்கெட்டைக் கிழித்தபடியே சொல்வாள். உள்ளங்கையளவு இருந்தேன், அப்பா இப்படிப் பேர் வெச்சாரு, இப்ப பாருங்க, இந்த பஸ்ஸையே நான்தான் தள்ளிட்டுப் போறேன் என்பாள். சவரம் செய்யாத முகத்தோடு உடன் வரும் புருஷன்மார்கூடச் சிரித்துவிடுவார்கள். அப்புறம் கேட்பானேன்? ஒருத்தி வைத்தாள். அதைக் கேட்டு இன்னொருத்தி வைத்தாள். தடுப்பூசி போடும் இடத்தில் ஒருமுறை இருப்பாள் என்று கூப்பிட, நாலு தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்களாம். பெயருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! அன்று வீட்டுக்கு வந்து அவள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் அது நடந்தது. அச்சகத்தில் வேலை செய்யும் ஒரு பெண், எப்போதும் நகக்கண்ணில் மை இருக்கும், அவளும் தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாள். ஒருநாள் அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குழந்தை போய்விட்டது என்று பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள்.

அன்றே என் நாத்தனார் பேட்ஜைக் கழற்றிவிட்டாள். டிப்போவில் கேட்டபோது, குத்துகிற பின் உடைந்துவிட்டது என்றாள். பொய். பேட்ஜ் அவள் தோள்பையில்தான் கிடந்தது. யாராவது பெயர் கேட்டால், கண்டக்டர்னே கூப்பிடுங்க என்று நகர்ந்துவிடுவாள். சீட்டு மட்டும் பழையபடி பிடித்துக் கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வலி எடுத்தது. எட்டாம் மாதம்கூடப் பிறக்கவில்லை. வீட்டு முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள், பாதி தைத்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்தாள். நான் அழவில்லை, ஏனென்றால் என் கையில் பெயர் இருந்தது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஊரார் பிள்ளைக்கெல்லாம் வைத்த பெயர் என் பிள்ளைக்கு இல்லையா?

பார்க்க வந்த நாத்தனாரிடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது.

"வேணாம் அண்ணி. வேற எந்தப் பேரை வேணும்னாலும் வைங்க."

"ஏன்? உன் பேரு என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"ஆமா, அப்பன் வீட்டுச் சொத்துதான்" என்றாள். வாய் நீளமான நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "என் பேரு தாயத்து இல்ல அண்ணி. அந்தப் பொண்ணு நான் சொன்னதை நம்பித்தானே வெச்சா. வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பேரு வெச்சுக்கலாம்."

தன் பெயர் எதை உடைத்துக்கொண்டு வந்ததோ, அதே பழைய பிடிவாதத்தை அவளே பேசினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சை நிறுத்திவிட்டேன். ஆனால் அவள் வேண்டாம் என்ற பெயரை வைக்கவும் எனக்கு வாய் வரவில்லை. அட்டையில் என் பெயரைப் போட்டு, இன்னாருடைய குழந்தை என்று எழுதியிருந்தார்கள். பெட்டியின் பக்கத்தில் போய் நின்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அம்மா வந்திருக்கேன், அம்மா வந்திருக்கேன் என்று என்னையே சொல்லிக்கொண்டு நின்றேன். எடை ஏறவில்லை. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்தார்.

ஊரில் ஆயிரம் பஸ் இருந்தாலும் நான் அவள் பஸ்ஸில்தான் ஏறினேன், வீம்புக்கு. பிளாஸ்க்கோடு முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பேன். அவள் டிக்கெட்டை நீட்டுவாள், நான் வாங்குவேன். அண்ணியும் நாத்தனாரும் இப்படி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனதில் டிரைவருக்குத்தான் பயம்.

ஒருநாள் பாதி வழியில் ஒருத்தி ஏறினாள். கையில் பிளாஸ்க் இல்லை. என் நாத்தனார் கையிலிருந்த சில்லறை கீழே சிதறியதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் மை. யாரென்று புரிந்துவிட்டது.

நாத்தனார் தலை நிமிராமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு அவள் சட்டையையே பார்த்தாள்.

"பேட்ஜ் எங்கக்கா?"

"பின் உடைஞ்சு போச்சும்மா."

"அதைப் பார்க்கத்தான் ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு இதுல ஏறினேன்" என்றாள் அந்தப் பெண். "எம் பொண்ணு பேரு வேற எங்கயும் எழுதி நான் பார்த்ததில்ல."

பஸ் குலுங்கிக்கொண்டு போனது. என் நாத்தனார் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நான் சொல்லித்தானே வெச்ச, என்னைத் திட்டிட்டாவது போ என்று அந்தப் பெரிய தொண்டைக்காரி முணுமுணுத்தாள்.

"எதுக்குத் திட்டணும்? பேர் சொல்லிக் கூப்பிட்டா என் விரலைப் பிடிப்பா. பேரு இல்லாம அனுப்பியிருந்தா இப்ப நான் யாரைச் சொல்லி அழுவேன்?"

எனக்கு என் மாமனார் ஞாபகம் வந்தது, அவர் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. நாத்தனாருக்கும் வந்திருக்க வேண்டும். தோள்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பேட்ஜை எடுத்து, சட்டைத் துணியிலேயே துடைத்து, பழைய இடத்தில் குத்திக்கொண்டாள். அவசரத்தில் ஒருமுறை தன்னையே குத்திக்கொண்டாள். அந்தப் பெண் எழுத்து எழுத்தாகப் படிக்கிறவள்போல அதைப் பார்த்தபடி நின்றாள். நான் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அழுதேன். குழந்தை பிறந்ததிலிருந்து அன்றுதான் அழுதேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. படி வரைக்கும் கூட்டம். நான் எழுந்தேன், ஒரு அடிகூட நகர முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து வந்தது அந்தத் தொண்டை, எத்தனையோ நாளாக நான் கேட்காத முழுத் தொண்டை.

"வழி விடுங்க, வழி விடுங்க. இருப்பாளுக்குப் பால் போகுது."

முதலில் ஒதுங்கி, மற்றவர்களையும் கையால் ஒதுக்கி எனக்கு வழி செய்து கொடுத்தவள் அந்த அச்சகத்துப் பெண்தான்.

உள்ளே போய்ப் பெட்டியின் வட்டத் துவாரம் வழியாகக் கையை விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அட்டையை மாற்றி எழுதச் சொன்னேன். டாக்டர் சிரித்தார், சிரிக்கட்டும்.

பிழைத்தாளா என்றா கேட்கிறீர்கள்? இந்தத் தெருவில் நின்று இருப்பாள் என்று கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று வீட்டிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். நான் பெற்றது மட்டும் திரும்பாது, அவ்வளவு வீம்பு, அப்படியே அத்தையை உரித்து வைத்திருக்கிறது.