பொயிலருக்குப் பக்கத்தில் வைத்த ஈஸ்ட்

காலை ஏழரைக்கு வாளியின் மூடி பறந்து சுவரில் அடித்தது. நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. புளித்த நாற்றம். எனக்கு மட்டும் அது பழகிய வாசனை.

வாளியில் இருந்தது, தோடம்பழத் தோலிலிருந்தே, அதாவது ஆரஞ்சுத் தோலிலிருந்தே, பிரித்து வளர்த்த ஈஸ்ட். அறுவடையில் கத்தரிக்கோல் பட்ட கீறலில் பச்சைப் பூஞ்சணத்துக்கு முன்னால் இதைக் குடியேற்றினால், இடமும் சாப்பாடும் இல்லாமல் பூஞ்சணம் ஒதுங்கிவிடும். இத்தாலியில் பலெர்மோவுக்கு வெளியே, எங்கள் பழம் பொதி செய்யும் இடத்தில் அது கடைசிச் சோதனை. இம்முறையும் அழுகினால் பழையபடி மருந்துதான், ஈஸ்ட் அறையைப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த அறையின் ஒரே வேலையாள் நான்.

முந்தின நாள், ஆய்வுக்குப் பொறுப்பான டொத்தொரேஸா (இங்கே டாக்டரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), "ஃப்ரிட்ஜில் வையும்" என்றுதான் சொன்னார். நானோ வீட்டில் அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிறவன். குளிரில் ஈஸ்ட் உறங்கிப்போகுமே! இரக்கப்பட்டு இரண்டு கரண்டி சீனி போட்டு, இறுக்கி மூடி, தண்ணீர் கொதிக்கும் பொயிலருக்குப் பக்கத்தில் வைத்தேன். போர்வை மட்டும்தான் போர்த்தவில்லை.

பெட்டி அடுக்கும் மன்னார் மரியதாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"அண்ணை, சம்பலும் அரைச்சாச்சோ?"

"பகிடி விடாதை. அவ வாறா."

"மிச்சத்துக்குத் தண்ணியை விட்டுக் கலக்குங்கோ. வெள்ளையாத்தானே இருக்கும். ஆருக்குத் தெரியும்?"

"பூஞ்சணத்துக்குத் தெரியுமடா."

டொத்தொரேஸா வாசலில் நின்றார். சொன்னேன், சீனியையும் மறைக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கத்தாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தார்.

"சீனியில் புளித்தது பழத்துக்கு ஆகாது. மிச்சம் இவ்வளவுதான். பாதிப் பழத்துக்கும் காணாது. பன்னிரண்டு மணிக்கு முதலாளி பெட்டிகளுக்கு சீல் வைக்க வாறார்."

"கீறல் இல்லாத பழத்துக்கும் வேணுமோ, டொத்தொரேஸா?"

போத்தலை மேசையில் வைத்தார். "லைற்றைப் போடும்."

மூவரும் ஒவ்வொரு பழமாக உருட்டிப் பார்த்தோம். கீறல் பட்டதை மட்டும் ஈஸ்ட் நீரில் முக்கினோம். அவசரத்தில் நல்ல பழமொன்றை நானே நகத்தால் கீறி, அதையும் முக்கினேன். சீல் வைக்கும்போது போத்தலில் ஒரு சொட்டும் இல்லை.

பத்தாம் நாள் முதலாளி பெட்டிகளைத் திறந்தார். அடிப்பழம் வரை புரட்டினார். ஒன்றிலும் பச்சை இல்லை. பூஞ்சணம் பிடித்தது, அன்று கீறலோடு, முக்காமல் எடுத்து வைத்து என் லாக்கரில் மறந்துபோன பழம் மட்டும்தான். அறைச் சாவி என்னிடமே இருக்கிறது.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: பிழை விட்டால், பூஞ்சணம் சொல்லுமுன் நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் "சீனி போடாதே" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். என்னவென்று டொத்தொரேஸா கேட்டார். சாமி மந்திரம் என்றேன்.