மூச்சு என்று சொன்னேன், ரத்தம் என்று கேட்டது

ஆத்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்து நர்ஸ் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். வெளிநாட்டு டாக்டரம்மா ஒருவர் நடத்திய பன்னிரண்டு கட்டில் பிரசவ ஆஸ்பத்திரி அது. ரத்தத்துக்கோ அலறலுக்கோ நான் பயந்ததில்லை. டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் பேச வேண்டியிருந்ததே, அதற்குத்தான் பயந்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ 'ஹீ'யும் 'ஷீ'யும் நாக்கில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நம் பேச்சில் ஆணோ பெண்ணோ, மரியாதைக்கு 'அவங்க' என்றால் முடிந்தது. முதல் வாரத்தில், பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியைக் காட்டி, "ஹீ இஸ் ஸ்லீப்பிங்" என்றேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆண் யாராவது படுத்திருக்கிறானோ என்று டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். பெரிய நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். இங்கே இருப்பதெல்லாம் பெண்கள்தானே, எல்லாருக்கும் 'ஷீ' என்றே சொல்லிவிட்டால் தப்பு வராது.

அந்த முடிவு ஒரு மதியம் ஓர் உயிரைப் பறிக்கப் பார்த்தது.

வடமதுரைப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அன்று தலைப்பிரசவம். பெண் குழந்தை. பிறந்ததும் ஒரு தடவை மெல்லச் சிணுங்கியது. தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமாகிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு, டாக்டரம்மா அடுத்த அறைக்குக் கை கழுவப் போனார். பெரிய நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். நான் தாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன்; துணியைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் தொட்டில் பக்கம் திரும்பினேன்.

குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

"டாக்டர்! ஷீ நாட் பிரீடிங்!" என்று கத்தினேன்.

குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் நிதானமாக வந்தது. "நாட் பிளீடிங்? குட், குட்."

மூச்சு விடுவதற்கான அந்தச் சொல்லை நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்ல வேண்டும். எனக்கு அது என்றைக்கும் வந்ததில்லை. ரத்தம் போகவில்லை என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. 'ஷீ' என்றது தாயை என்று நினைத்திருக்கிறார். அவர் பார்க்கச் சொன்னதும் அதைத்தானே.

மறுபடியும் கத்தினேன். பயத்தில் அதே வாக்கியம்தான் வந்தது. பேபி என்ற ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அது அந்த நேரம் எங்கே போய் ஒளிந்ததோ!

"யெஸ், யெஸ், ஐ ஹேர்ட் யூ" என்றார் அவர்.

கட்டிலில் கிடந்தவள் தலையைத் தூக்கினாள். "என்ன தாயி சொல்றாங்க? பிள்ள சத்தத்தையே காணோமே?"

"செத்த நேரம் இரு அக்கா, இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டே குழந்தையைத் துணியோடு வாரி எடுத்து ஓடினேன். டாக்டரம்மாவின் ஈரக் கையில் போட்டேன். "மூச்சு இல்லம்மா! மூச்சு இல்ல!" தமிழ்தான் வந்தது.

அவர் குழந்தையின் உதட்டைப் பார்த்துவிட்டார். மேசையில் கிடத்தி, மெல்லிய ரப்பர் குழாயைக் குழந்தையின் வாய்க்குள் விட்டுத் தம் வாயாலேயே சளியை உறிஞ்சித் துப்பினார். வாயோடு வாய் வைத்து ஊதினார். உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடி ஊதினார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் நிஜமான அழுகை.

என்ன சொன்னாய் என்று டாக்டரம்மா கேட்டார். அதே வாக்கியத்தைச் சொன்னேன். புரிந்ததும் முகம் வெளுத்து, முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவே இல்லை. வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். பெரிய நர்ஸிடம் அழுதபோது, "போனா போகுது போ, பிள்ள பிழைச்சுச்சுல்ல" என்றார்.

மறுநாள் டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார். ஆபத்து நேரத்தில் இனி யாரும் இங்கிலீஷில் பேசக்கூடாது, தமிழில் கத்துங்கள் என்றார். தாளில் மூச்சு, ரத்தம், வலிப்பு, பிள்ளை, தாய் என்ற சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்திருந்தார். எங்கள் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். 'மூச்சு' அவர் வாயில் 'மூட்சு' ஆனது. ஒருவரும் சிரிக்கவில்லை.

என் பயம் அதோடு தீரவில்லை. மூச்சு அவ்வளவு நேரம் நின்றிருந்ததால் மூளைக்குக் கேடு வரலாம், கவனித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாதாமாதம் தாய் குழந்தையைக் காட்ட வரும்போது, அதன் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டுவேன். பின்னாலிருந்து கை தட்டுவேன். ஐந்து மாதம் ஆகியும் கழுத்து சரியாக நிற்கவில்லை என்று தோன்றி இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் மாதம் நின்றது. ஒன்றரை வயதில் வார்டுக்குள் நடந்தே வந்து, என் வெள்ளைச் சேலையை இழுத்து, "ஊசி வேணாம்" என்றது.

அன்றுதான் அந்தத் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன்ன வைஞ்சே கொன்னுருப்பேன்" என்றாள். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "இம்புட்டு நாளும் இத நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டா இருந்த?"

தலையாட்டினேன். பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழங்களை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனாள்.