தொழில்: ஒண்டுமில்ல

கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குவது லேசான தொழில் என்று நினைப்பவர்கள், முன்பின் தெரியாத ஒருவருடைய வாசலில் போய் நின்று "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஐம்பதுகளில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் எங்கள் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களை ஆராய வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் 'சேர்' என்போம். வீடு வீடாகப் போய், கேள்விகள் அச்சடித்த போம் நிரப்ப இரண்டு பேரை எடுத்தார். ஒன்று நான், கல்முனைக்குடி இஸ்மாயில். மற்றது தெரேசா அக்கா, கல்முனையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். நாங்கள் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் கைத்தொழில் சங்கத்தை எந்த ஊரில் திறப்பது என்று அரசாங்கக் கந்தோரில் முடிவெடுப்பார்கள் என்று சேர் முதல் நாளே சொல்லிவிட்டார். போமும் பேனையும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த சகபாடிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தப் பாடு விளங்காது.

வீட்டுத் தலைவர்

போமில் முதல் கேள்வி, 'வீட்டுத் தலைவர் யார்?' சாய்ந்தமருதில் மீராலெப்பை காக்கா, எனக்கு அண்ணன் வயதுக்காரர், வாசலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடல் தொழிலாளி. கேட்டேன். ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"ஊடு பொண்சாதிட பேரில. வளவு மாமிட. கிணத்தில மச்சினிக்கும் பங்கு இரிக்கி. தோணி மட்டும் எண்ட."

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. இது எனக்குத் தெரியாததா? என் வாப்பாவும் அப்படிப் போனவர்தான். ஆனால் போம் கைக்கு வந்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது. "அப்ப தலைவர் எண்டு ஆரை எழுத காக்கா?" என்றேன். அவர் உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எண்ட பேர எழுதுங்க தம்பி. ஆனா எழுத முன்னம் அவட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு எழுதுங்க."

விட்டுப்போன வீடு

எல்லா வீட்டுக்கும் போக ஆள் பலம் இல்லாததால் பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று கணக்கு. அக்கரைப்பற்றில் ஒரு போடியாருடைய பெரிய கல்வீட்டை அப்படித் தாண்டிப் போய், அடுத்த தெருவில் ஓலைக் குடிசை ஒன்றில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில் போடியாரே வந்துவிட்டார். ஏக்கர் கணக்கில் வயல் உள்ள மனிதர், குடையோடு முற்றத்தில் நிற்கிறார். ஊரைப் பற்றி எழுதுகிறவன் தன்னை விட்டுவிட்டு எழுதினால் அது என்ன ஊர் என்பது அவருடைய கேள்வி.

எனக்கு அன்று நல்ல யோசனை ஒன்று ஓடியது. "போடியார், மூட்டை மூட்டையா நெல்லு வாங்கிறீங்க. ஒவ்வொரு நெல்லாவா பாக்கிறீங்க? ஒரு கை அள்ளிப் பாத்துத்தானே விலை சொல்றீங்க? இதுவும் அப்படித்தான்" என்றேன். அவர் தலையாட்டினார். சேரே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குப் பெருமை. போடியார் குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடந்தார். வேலிக் கடப்படியில் நின்று ஒன்று சொன்னார்.

"கையில வராத நெல்லு கோவிக்காது தம்பி. நீங்க உட்டுப்போட்டுப் போன ஊடு கோவிக்கும்."

சும்மா இருக்கிறவர்கள்

நிந்தவூரில்தான் பெரிய சிக்கல். பெண்கள் என் முன்னால் வரமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்வார்கள். "என்ன தொழில்?" என்று கேட்பேன். "ஒண்டுமில்ல, சும்மாதான் இரிக்கன்" என்று குரல் வரும். 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். அங்கேயும் அதே பதில். ஒரு கிழமையில் போமெல்லாம் 'இல்லை'யால் நிரம்பிவிட்டது. இதை இப்படியே அனுப்பினால் நிந்தவூரில் கைத்தொழில் செய்கிற பெண் ஒருத்தியும் இல்லை, சங்கம் தேவையில்லை என்று கந்தோரில் எழுதிவிடுவார்கள்.

தெரேசா அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் எழுதி முடித்த வீடொன்றுக்கு, ஆசியா உம்மா என்பவருடைய வீட்டுக்கு, அவர் திரும்பப் போனார். பெண் என்பதால் நேரே உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே முகட்டைத் தொடுகிற அளவுக்குச் பன் புல்லில் இழைத்துச் சாயம் போட்ட பாய்கள் அடுக்கியிருந்ததாம். அக்கா 'தொழில்' என்ற சொல்லையே எடுக்கவில்லை. "நேத்து விடிஞ்சதில இருந்து என்னென்ன செஞ்சீங்க ராத்தா?" என்று மட்டும் கேட்டார். குளத்தில் இறங்கிப் பன் வெட்டியது, காயப்போட்டது, சாயம் காய்ச்சியது, பாயில் பாதி இழைத்தது, பிள்ளைகளுக்கு ஆக்கிக் கொடுத்தது, மறுகா இருந்து மீதியை இழைத்தது என்று ஆசியா உம்மா சொல்லிக்கொண்டே போனார். எழுத இடம் போதாமல் அக்கா போமைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்.

"இவ்வளவும் செஞ்சுபோட்டு, தம்பிக்கு ஏன் தொழில் இல்ல எண்டு சொன்னீங்க?" என்று அக்கா கேட்டார். ஆசியா உம்மாவுக்கு அந்தக் கேள்வியே புதுமையாக இருந்தது.

"அது தொழில் இல்ல ரீச்சர். அது வேல."

சேரின் பேனை

கேள்வியை மாற்றச் சேர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே வார்த்தையில் கேட்டால்தான் அது விஞ்ஞானம், ஆளுக்கொரு மாதிரிக் கேட்டால் ஊர்க்கதை என்றார். போம் அச்சாகி வந்தாயிற்று, மற்ற ஊர்களும் முடிந்தாயிற்று என்றார். தெரேசா அக்கா எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினார். "வார்த்தை ஒண்டுதான் சேர். விளங்கிறது ஆளுக்கு ஆள் வேற."

சேர் பிடிவாதக்காரர். ஆனால் நேர்மையானவர். அடுத்த நாள் நிந்தவூருக்குத் தானே வந்தார். சீட்டுக் குலுக்கி ஐந்து வீடு எடுத்தார். ஒவ்வொரு வாசலிலும் தன் கேள்வியைத் தன் வாயாலேயே கேட்டார். ஐந்து கதவுக்குப் பின்னாலிருந்தும் "ஒண்டுமில்ல" வந்தது. பிறகு அக்கா உள்ளே போய் நேற்றைய நாளைக் கேட்டார். சேர் வெளியில் நின்று காது கொடுத்தார்.

கடைசி வீட்டில் புருஷனும் இருந்தார். "அவ சும்மாதான் சேர் இரிக்கா" என்று அவரே முந்திக்கொண்டார். உள்ளேயிருந்து அந்தப் பெண் தன் நாளைச் சொல்லச் சொல்ல, மனிதர் முதலில் சிரித்தார், பிறகு தலையைச் சொறிந்தார், பிறகு எழும்பிப் போய் முற்றத்தில் காய்ந்த பன்னை அள்ளி உள்ளே வைக்கத் தொடங்கினார். சேர் போமை முழங்காலில் வைத்து, அச்சடித்த அந்தக் கேள்வியைத் தன் பேனையாலேயே குறுக்கே வெட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போன வீடெல்லாம் திரும்பப் போக வேண்டும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஆக்கள் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கினம். பிழை என்ர கேள்வியில."

திரைக்கு அந்தப் பக்கம்

முடிந்த ஊர்களுக்கும் திரும்பப் போனோம். செருப்பு இரண்டு சோடி தேய்ந்தது. ஆனால் நிந்தவூரில் சங்கம் திறந்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், சீலைத் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். இடம் போதாமல் வெளியிலும் நின்றார்கள். கந்தோர்க்காரர் பேசினார், சேர் பேசினார். கடைசியில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று வழக்கத்துக்குக் கேட்டார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஆசியா உம்மாவின் குரல் வந்தது. "சேர், நீங்க எங்கள எவ்வளவோ கேட்டீங்க, நாங்களும் சொன்னம். இப்ப நாங்க ஒண்டு கேக்கம். உங்கட பொண்சாதி என்ன தொழில்?"

சேர் வாய் திறந்தார், மூடினார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்று பதில் சொன்னார்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான் அம்மா. வீட்ட போய், நேற்று என்னென்ன செய்தனீர் எண்டு கேட்டுப்போட்டு வந்து சொல்லுறன்."

ஊரைச் சோதிக்கப் போன நாங்கள் மூன்று பேரும் ஊர் வைத்த சோதனையில் ஒருவழியாகப் பாஸாகி வந்தோம் என்பதுதான், அறிக்கையில் எழுதாமல் விட்ட ஒரே முடிவு.