அது வேற, ஆன்ட்டி

மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் உண்டு. போன மாதம் ஒரு சாயங்காலம் அந்தப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். பேச்செல்லாம் எங்களுக்குத் தரை துடைக்க வருகிறவளைப் பற்றித்தான். வங்காளம் பேசுகிறவள். சொந்த ஊர் மேற்கு வங்கத்தில் கூச் பிஹார் பக்கம் என்பாள்.

"எல்லாம் அப்படித்தான் சொல்லும். பார்டர் தாண்டி வந்ததுங்க. ஜல்தி நிறுத்திடு" என்றாள் மூன்றாம் மாடிக்காரி, என் மருமகளிடம்.

"ஆதார் காட்டினாளே."

"ஆதாரா? அதை யாரு வேணா வாங்கலாம். போலீஸ் வந்தா உனக்குத்தான் தலைவலி."

வேலைக்காரி உள்ளறையில் துடைத்துக்கொண்டிருந்தாள். தமிழ் புரியாது என்ற தைரியம் இவர்களுக்கு.

என்னையறியாமல் சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று வெறும் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆட்கள் முன்னால் அப்படிக் குடிப்பவள் இல்லை நான்.

"என்ன ஆன்ட்டி, சீனியைக் கையில வச்சிக்கிட்டு?"

"எங்க பக்கம் இப்படித்தாம்மா." இவர்களுக்கு நான் கோத்தகிரிக்காரி.

"கோத்தகிரியிலயா? நாங்க ஊட்டியில இருந்திருக்கோம், பாத்ததில்லையே."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"கோத்தகிரிக்கு அப்புறம்தான் வந்தோம். நான் பொறந்தது சிலோன்ல, தேயிலைத் தோட்டத்துல. அந்த நாட்டு ஆளில்லேன்னு கப்பல்ல ஏத்தி விட்டாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க."

இன்னும் ஒரு வார்த்தை பாக்கி வைத்திருந்தேன், அவளை நிறுத்தாதீங்க என்று. அதற்குள் மூன்றாம் மாடிக்காரி என் முழங்காலைத் தட்டினாள்.

"அது வேற, ஆன்ட்டி. நீங்க நம்மவங்க. அங்கிள் சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல இருந்தவரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. பாக்கி வார்த்தையை அப்படியே முழுங்கிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தேசத்தைப் பற்றிப் பெரிதாக எழுத வராது. குடியரசு தின அணிவகுப்பை டிவியில் பார்த்தால் எனக்கும் கண் கலங்கும். கலங்கும்போதே, யாராவது வந்து "நீ எழுந்திரு" என்பார்களோ என்று பயமாகவும் இருக்கும். தில்லியில் பிறந்த என் மகனுக்கு அந்தப் பயம் கிடையாது. அவனுக்கு நாடு என்பது வீட்டுக் கூரை மாதிரி, அண்ணாந்துகூடப் பார்க்கமாட்டான். நானோ, நம்மவங்க என்று ஒருத்தி சொன்னதும் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவர்கள் போனதும் மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க அத்தை. உங்ககிட்டதான் அவ நல்லாப் பேசுவா."

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா, மாஜி?" என்று இந்தியில் கேட்டாள்.

இல்லை என்றேன். ஹாலில் பாதி பாக்கி இருந்தது. அவள் துணியைப் பிழிந்து, அதையும் துடைத்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தபோது, நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.