காணாமல் போன அரை ராத்தல் படிக்கல்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவர் "நான் அங்கே இல்லை" என்றும், இன்னொருவர் "நானும்தான் இருந்தேன்" என்றும் கிளம்பிவிடக் கூடாது பாருங்கள்...

நேசம்மா நர்ஸ். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ஒன்பது தாய்மார். அவர்கள் இடுப்பில் ஒன்பது பிள்ளைகள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய் ஒன்று. அப்புறம் நான் — என் கடைத் தராசோடு. அவ்வளவுதான். தோட்டத்தை நடத்தும் துரை வரவில்லை. அவருடைய அனுமதி மட்டும் வந்திருந்தது.

இடம், ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிரட்டுக்களம். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் பிரித்து அனுப்புகிற வெட்டவெளி.

கண்டியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

நேசம்மா நர்ஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் வாடகை வீடு ஒன்றில் மூன்று தாதிகளை வைத்துக்கொண்டு, நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார். இருப்பவர்களிடம் கட்டணம் வாங்குவார். இல்லாதவர்களுக்காக மாதத்தில் ஒரு செவ்வாய் சும்மா போவார். என் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் கடை வாசலில் வந்து நின்று, முஸ்லிம்களான எங்களை அண்ணன் என்று அழைக்கிற முறையில், "நானா, பிள்ளையளை நிறுக்க ஒரு தராசு வேணும். நீங்களும் வந்தால் நல்லம்" என்றால், மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா?

வாய் வரவில்லை. கவலைதான் வந்தது. அது எனக்குக் கேட்காமலே வரும். பஸ் வழியில் தலாத்துஓயாவில் நின்றுவிட்டால்? தராசுக் கயிறு அறுந்து பிள்ளை விழுந்துவிட்டால்? அரிசி நிறுத்த தட்டில் பிள்ளையை வைத்ததற்கு யாராவது சண்டைக்கு வந்தால்? கயிற்றை மாற்றினேன். தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். படிக்கற்களைப் பெட்டியில் வரிசையாக அடுக்கினேன் — ஏழு ராத்தல், நாலு, இரண்டு, ஒன்று, அரை, கால். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, தப்பில்லாமல் படிக்கத் தெரிந்தது அந்த ஆறு இரும்புகளைத்தான்.

நேசம்மா நர்ஸின் ஏற்பாடு இதுதான். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பது. பத்து ராத்தலுக்குக் குறைந்த பிள்ளையின் தாய் இரண்டு வாரம் மலைக்குப் போகாமல் லயத்தில் இருந்து பால் கொடுக்க வேண்டும். தாதி ஒருத்தி ஒருநாள் விட்டு ஒருநாள் லயத்துக் காம்பரா அறைக்கே வந்து பிள்ளையைப் பார்ப்பாள். மருந்தும் மாவும் சும்மா. துரை சரி என்றுவிட்டார். இதைவிட நல்ல காரியம் வேறு என்ன இருக்கிறது?

தூறலும் பனியுமாக இருந்தது. பிள்ளைகள் துணி மூட்டைகளாக இருந்தார்கள். "துணியோடயே நிறுங்கோ. துணிக்குக் கால் ராத்தல் கழிப்பம்" என்றார் நேசம்மா நர்ஸ்.

கழிவு என்ற சொல் காதில் விழுந்ததும் தாய்மார் பக்கம் ஒரு சிரிப்பு.

"பாத்தியா, இங்கயும் வெட்டுறாங்க!"

"கொழுந்துக் கூடைக்கு ரெண்டு ராத்த வெட்டுவாரு நம்ம கணக்கப்புள்ள. இந்தம்மா பரவால்ல, காலோட விட்டுருச்சு."

"ஏங்க மொதலாளி, புள்ள ராத்த என்ன வெலைங்க ஒங்க கடையில?"

நானும் சிரித்தேன். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "வாயக் கொறைங்கடி. நேரம் போவுது" என்றார்.

அப்போது ஒரு தாய் கேட்டாள். "புள்ள லேசா இருந்தா வீட்ல இருக்கச் சொல்லுவீங்களாமே, மெய்யாங்கம்மா?"

"ஓம். பிள்ளையோட ஆறுதலா இருக்கலாம்."

"பேரு?"

பேர் என்றால் இவர்களுக்கு ஒருநாள் கூலி. செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால் கூலி, கூலி இருந்தால் அரிசி.

கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டார். "மலைக்குப் போவாம பேரா? நல்லாருக்கே கத. தொர இருக்கச் சொன்னாரு, பேரு போடச் சொல்லல."

"அதை நான் துரையிட்டக் கதைக்கிறன்" என்றார் நேசம்மா நர்ஸ். "முதல்ல நிறுப்பம்."

தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "புள்ளைக்குத் துணி மாத்திட்டு வந்திடுறோம்" என்று லயத்துப் பக்கம் போய்த் திரும்பினார்கள். பிள்ளைக்குத் துணி மாற்றுவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒவ்வொருத்தியாக வந்து, தன் பிள்ளையைத் தானே தட்டில் வைத்தாள். வேறு கை பட்டால் பிள்ளைகள் வீறிட்டார்கள். நான் கல் வைத்தேன். நேசம்மா நர்ஸ் எழுதினார். பதினொன்று. பத்தரை. பன்னிரண்டு!

கடைசியாகப் பேச்சி. மெலிந்த பெண். புருஷன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி காலில் பட்டுப் படுக்கையில் கிடக்கிறான் என்றார்கள். மற்றவர்கள் லயத்துக்குப் போனபோது இவள் அப்போதுதான் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். தன் முறை வந்ததும் என் பெட்டிக்குப் பக்கத்தில் குந்திப் பிள்ளையின் துணியைச் சரி பண்ணினாள். பிறகு தட்டில் வைத்தாள். ஏழு, இரண்டு, ஒன்று, கால் — பத்தேகால். துணிக்குக் கால் போனால் சரியாகப் பத்து.

பிள்ளையின் முகம் என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. நேசம்மா நர்ஸும் குனிந்து பார்த்தார். "முகம் வாடிக் கிடக்கு..." என்றார். பிறகு தராசு முள்ளைப் பார்த்தார். "எடை இருக்குது. பரவாயில்லை."

கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு முள்ளை நம்பினோம். இரண்டு பேரும்தான்.

ஒன்பது பேரில் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை! எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணக்கப்பிள்ளை மட்டும் நேரத்தைப் பார்த்தார். நேரம் போய்விட்டதாம். ஒன்பது பேருக்கும் அரைப் பேர்தான் போடுவாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. "அதுக்குக் கவலைப்படாதீங்க தாயி, அந்த அரைப் பேர நாங்க வாங்கித் தாறோம்" என்று சொல்லிவிட்டேன். கவலையே உருவானவன், மற்றவர்களைக் கவலைப்படாதே என்கிறேன்!

துரைக்கும் சந்தோஷமாம். தன் தோட்டத்துப் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருக்கும்போது தாதி எதற்கு, வேறு தோட்டம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். தாதியும் வேறு தோட்டத்துக்குப் போனாள். சரிதானே?

நிறுத்த அன்று மாலையே வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால்... அரை ராத்தல் கல்லைக் காணோம்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது? முத்திரை குத்திய கல். எடைக்கல் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? கல்லை ஒளித்து வைத்து வியாபாரம் பண்ணுகிறான் என்று எழுதிவிட்டால்? கடைத்தெருவில் தலைகாட்ட முடியுமா? சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "அரை ராத்தல் இரும்புக்கா இவ்வளவு யோசின? ஒங்கட வாப்பா மௌத்தான நேரமும் நீங்க இப்பிடி யோசிக்கல்லயே!"

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அப்புறம் கடையைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூடைகளோடு வரிசையில். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு ராத்தலை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சி வரிசையை விட்டு வந்தாள். நான் கேட்பதற்கு முன்பே, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் கல்லை நீட்டினாள். துடைத்து வைத்திருந்தாள்.

"இதுக்குத்தானுங்க வந்தீங்க?"

வாங்கிக்கொண்டேன். அல்லாஹ்வே, கல் கிடைத்ததே என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இது ஒங்கிட்ட எப்படி வந்திச்சு?"

"மத்தவங்க அளுக்குத் துணிக்குள்ள ஆத்துக் கல்லு வச்சாங்க. நான் பிந்தி வந்ததுனால கல்லு தேட நேரமில்லீங்க. ஒங்க பெட்டியில எடுத்து புள்ள முதுகுப் பக்கமா வச்சேன்."

"எதுக்கும்மா?"

"லேசா இருந்தா வீட்ல இருக்கச் சொல்லுவீங்கல்ல? அவருக்குக் காலு முடியல. நானும் வீட்ல குந்திட்டா பேரு ஏதுங்க? அரிசி யாரு குடுப்பா?"

கல்லை மடியில் கட்டிக்கொண்டேன். பிறகு கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"புள்ள?"

"போயிருச்சுங்க. போன வெள்ளிக்கெழம. நான் மலையில நின்னேன். புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக் காம்பராவுலருந்து ஆளு வந்துச்சு."

அழவில்லை. வரிசையில் தன் இடம் போய்விடுகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அந்த அரப்பேரு என்னாச்சுங்க?"

சட்டைப் பையில் கையை விட்டேன். அரைப் பேருக்கு இருபது சதம். என்னிடம் ஒரு ரூபாயே இருந்தது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒங்க காசு வேணாங்க. பேரு விழணும். செக்ரோல்ல விழுந்தாத்தான் அரிசிக் கணக்குக்கு வரும். வாங்கித் தாறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கணக்கப்பிள்ளையிடம் போனேன். "முடிஞ்ச மாசத்துக் கணக்குல கை வைக்க ஏலாதுங்க மொதலாளி" என்றார். துரை பங்களாவில் நாயைத்தான் பார்த்தேன்.

கண்டிக்கு வந்து நேசம்மா நர்ஸிடம் சொன்னேன். அன்றைக்கு எழுதிய எடைகளை எடுத்துப் பார்த்தார். "நிறுக்க முதல் துரையிட்டக் கதைச்சிருக்க வேணும், நானா" என்றார் கடைசியில். அடுத்த நாளே போய்ப் பேசினார். துரை பார்ப்போம் என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய் போய்விட்டது.

நானும் யோசித்துப் பார்க்கிறேன்... வாழ்நாளெல்லாம் தராசில் வெட்டுப்பட்டவர்களிடம், உதவி செய்கிறோம் என்று இன்னொரு தராசைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர்கள் தராசுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கயிறு அறுமா, பஸ் நிற்குமா, இன்ஸ்பெக்டர் வருவாரா — கவலைப்படுகிறவனுக்குக் கவலை எப்போதும் தப்பான இடத்தில்தான் போய் உட்காருகிறது.

அரை ராத்தல் கல் இப்போது பெட்டியில் அதன் இடத்தில் இருக்கிறது. இன்ஸ்பெக்டரும் வந்து போனார். எல்லாம் சரி என்று எழுதினார்.

ஒன்பது அரைப் பேர் — ஒரு ரூபாய் எண்பது சதம் — இன்னும் பாக்கி.