அட்டையில் நடந்த ஊர்

திருப்பாதிரிப்புலியூரில் தேரடியைத் தாண்டினால் ஒரு துணிக்கடை. அங்கே நைட்டிப் பிரிவில் நிற்பவள் பிரிசில்லா. "சாயம் போகுமாம்மா?" என்று யாராவது கேட்டால், போகிற துணியாக இருந்தால் போகும் என்றே சொல்லிவிடுவாள். முதலாளி இரண்டு தடவை தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார். இப்பேர்ப்பட்டவளைத்தான் படித்த பெரியவர்கள் மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்து, பொய் எழுதினவள் என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினார்கள். அது நடந்து இந்த மாசியோடு இரண்டு வருஷம் முடிகிறது. யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

2009ஆம் வருஷம் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று சிதம்பரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து ஆராய்ச்சி நடத்த வந்தது. சர்க்கரை நோய்க்காரர்கள் தினம் அரை மணி நேரம் நடந்து, சோற்றைக் குறைத்து, காபியில் சர்க்கரையை விட்டுவிட்டால் உடம்பு தேறும். இது ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம். வாராவாரம் ஒருத்தர் வீடு தேடி வந்து சொன்னால் ஜனங்கள் அதைச் செய்வார்களா என்பதுதான் அவர்களுடைய பரீட்சை. பதினாறு ஊர்களை எடுத்துக் குலுக்கிப் போட்டார்கள். எட்டு ஊருக்கு ஊருக்கொரு ஊழியர். மற்ற எட்டு ஊருக்கு ஒரு துண்டுக் காகிதம், அதோடு சரி. ஆரம்பத்தில் ஒரு தடவையும் வருஷக் கடைசியில் ஒரு தடவையும் இரண்டு தரப்புக்கும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

ஊழியர்களில் ஒருத்தி பிரிசில்லா. கடலூரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தவள். அவளுடைய அப்பா சார்லஸ் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவர். "பொண்ணு யுனிவர்சிட்டில வேலை பாக்குது" என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்து வேலைதான். ஆனால் நன்றாகச் செய்தவர்களில் ஒருவருக்கு இரண்டாம் கட்டத்தில் மூன்று வருஷம் மேற்பார்வையாளர் பதவி உண்டு என்று திட்டத் தலைவி டாக்டர் ஸ்ரீமதி முதல் நாளே சொல்லியிருந்தார். பிரிசில்லா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு விழுந்த ஊர் மணவெளிக்குப்பம், பிச்சாவரம் பக்கம். செவ்வாய்க்கிழமை தோறும் விடியற்காலை பஸ்ஸில் கடலூரிலிருந்து கிளம்பி, சிதம்பரத்தில் கையெழுத்துப் போட்டு, டவுன் பஸ் பிடித்து இறங்கி, அதற்கப்புறமும் உப்பு மண்ணில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடக்கச் சொல்லிக் கொடுக்க வந்தவள்தான் அந்த ஊரிலேயே அதிகம் நடந்தவள். முப்பத்தோரு பேருக்கு முப்பத்தோரு அட்டை. நடந்தால் டிக், நடக்காவிட்டால் பெருக்கல் குறி. அவர்கள் வாயால் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது என்பது சட்டம்.

முதல் வாரமே தகராறு. அந்தப் பக்கத்துப் பெண்கள் கும்பலாகத் தார் ரோட்டில் நடந்து போவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். முப்பத்தோரு பேரில் ஒருத்தியான ரத்தினம்மாள், தன் தெருப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு சாயங்காலம் கிளம்பினாள். எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்று, "எந்த ஊர்ல எழவு?" என்று கேட்டார். மறுநாள் டவுன் பஸ்ஸே நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "யாரு போய்ட்டாங்க?" என்றார். மூன்றாம் நாள் ஒருத்தியும் வாசலைத் தாண்டவில்லை.

"வூட்ல ஒருத்தரும் சாவாதப்ப இப்புடிக் கும்பலா போனா வெளங்குமா பாப்பா?" என்றாள் ரத்தினம்மாள். பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாதி வழியில் திரும்பியது அரை மணி நேரக் கணக்கில் சேராது, அட்டையில் பெருக்கல் குறிதான் போட்டாள்.

நான்கு வாரம் முப்பத்தோரு அட்டையிலும் பெருக்கல் குறியாக நிறைந்தது. ஐந்தாம் வாரம் மேற்பார்வையாளர் ராஜ்கமல் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மாரியம்மன் கோயில் எதிரே, ஊரே பார்க்க, அட்டைகளை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"முப்பத்தோரு பேர்ல ஒரு ஆளக்கூட ஒன்னால நடக்க வெக்க முடியல. நீயெல்லாம் இன்னாத்துக்கு வேலைக்கு வர்ற? அடுத்த மாசமும் இதே மாதிரி இருந்தா நீ இங்க வரவே வேணாம்."

பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள், முடியவில்லை. ஆள் பார்க்க அழுதது அவளுக்கு அவமானம். பார்த்தவர்களுக்கு அதைவிட அவமானமாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரத்தினம்மாள், "ஏழு நாளும் நடந்தேன் பாப்பா, எழுதிக்கோ" என்றாள். இறால் குட்டையில் காவல் இருக்கும் கொளஞ்சியப்பன், "காலையிலயும் நடந்தேன், சாயங்காலமும் நடந்தேன், முட்டிதான் கொஞ்சம் வலிக்குது" என்று சாட்சியும் சேர்த்துச் சொன்னார். சோறு எத்தனை கரண்டி என்று கேட்டால் எல்லாரும் இரண்டு என்றார்கள். பிரிசில்லா வீடு வீடாக டிக் போட்டாள். மத்தியானம் ரத்தினம்மாள் வீட்டில் இறால் தொக்கும் சோறும் போட்டார்கள். அந்த வீட்டுச் சோற்றுப் பானை இரண்டு கரண்டிச் சோறு வடிக்கிற பானை அல்ல.

பிரிசில்லா ஒன்றும் முட்டாள் இல்லை. திட்டத்தில் ஆளுக்கொரு ஜோடி செருப்புக் கொடுத்திருந்தார்கள். ஆறாவது மாசம் ரத்தினம்மாள் வீட்டுச் சுவரில் அந்தச் செருப்பு பிளாஸ்டிக் பைக்குள் ஆணியில் தொங்குவதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை ரத்தினம்மாளும் பார்த்துவிட்டாள்.

"நல்லது கெட்டதுக்குப் போட்டுக்கலாம்னு வெச்சிருக்கேன். நடக்கறதுக்குப் பழசு போதும் பாப்பா."

நெசமாகவே நடக்கிறீர்களா என்ற கேள்வி பிரிசில்லாவுக்கு வாய்வரை வந்தது. கேட்டால் அந்த முகம் வாடும். கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் பெருக்கல் குறி போட வேண்டும். மறுபடியும் ராஜ்கமல் வருவான். மேற்பார்வையாளர் பதவி போகும். அவர்கள் சொல்வதை எழுது என்பதுதானே சட்டம், சொல்கிறார்கள், எழுதுகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு இடத்தில் அவள்மேலும் தப்பு இருக்கிறது. அதை அவளே மறுக்கமாட்டாள்.

டிசம்பரில் ரத்தம் எடுத்தார்கள். போன மூன்று மாதத்துச் சர்க்கரையையும் காட்டிக் கொடுத்துவிடும் பரிசோதனை அது. முடிவு தை மாதம் வந்தது. ஊழியர் போன எட்டு ஊருக்கும், துண்டுக் காகிதம் வாங்கின எட்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டையைப் பார்த்தால் மணவெளிக்குப்பம்தான் முதல் இடம், நூற்றுக்குத் தொண்ணூறு நாள் நடந்த ஊர். ரத்தத்தைப் பார்த்தால் அதுதான் கடைசி. முப்பத்தோரு பேரில் இருபத்திரண்டு பேருக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகியிருந்தது.

பக்கத்து ஊர் ஊழியர் ராஜவேல் அந்த வருஷத்தில் பாதி நாள் தன் ஊருக்கே போகவில்லை. அட்டைகளை டீக்கடையில் வைத்து எழுதுவான். ஆனால் விவரமானவன். நாலு டிக், ஒரு பெருக்கல், காய்ச்சல் என்று ஒரு குறிப்பு, தீபாவளி வாரம் முழுக்கப் பெருக்கல் என்று கலந்து எழுதுவான். அவனுடைய அட்டைகள் நம்பும்படி இருக்கின்றன என்று பாராட்டே வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு மேற்பார்வையாளராக அவனைத்தான் போட்டார்கள்.

பிரிசில்லா வீட்டில் உட்கார்ந்து அட்டை எழுதினாள் என்று அவள்மேல் குற்றம் வந்தது. விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு. மணவெளிக்குப்பத்திலிருந்து ஐந்து பேரை ஜீப்பில் அழைத்து வந்து கேட்பதாக முடிவானது.

அதற்கு முந்தின நாள் பிரிசில்லா தன் செலவில் பஸ் ஏறி ஊருக்குப் போனாள். ரத்தினம்மாள் வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க யாரும் நடக்கல. எனக்குத் தெரியும், நான் கோச்சிக்கல. நாளைக்கு அதை மட்டும் சொல்லிடுங்க. 'நாங்க நடக்கல, ஆனா நடந்தோம்னு இந்தப் பொண்ணுகிட்ட சொன்னோம்.' இது ஒண்ணைச் சொன்னாப் போதும், நான் பொழைச்சிக்குவேன்."

"சொல்லிடறோம் பாப்பா. இதுக்குப் போயி அழுவலாமா?" என்றார் கொளஞ்சியப்பன். ரத்தினம்மாள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், இரண்டு பக்கமும் டாக்டர் ஸ்ரீமதியும் வேறொரு டாக்டரும். பிரிசில்லாவைக் கதவோரமாக நிற்க வைத்திருந்தார்கள். முதலில் ரத்தினம்மாளைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் கேட்டார்:

"இந்தப் பொண்ணு வாராவாரம் வந்துச்சா? நீங்க தினம் நடந்தீங்களா?"

ரத்தினம்மாள் பேராசிரியரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கதவோரம் நிற்கும் பிரிசில்லாவைப் பார்த்தாள்.

"வராத வாரமே கெடையாதுங்க. மழையில கூட வந்துச்சு. அது சொன்ன மாதிரியே தெனமும் நடந்தேங்க, அரை மணி நேரம்."

"சோறு?"

"ரெண்டு கரண்டிங்க."

கொளஞ்சியப்பன் இன்னும் ஒரு படி மேலே போனார். முக்கால் மணி நேரம் நடந்ததாகச் சொன்னார். ஐந்து பேரும் வாய் கூசாமல் அதையே சொன்னார்கள். "அம்மா, நேத்து நான் கேட்டது..." என்று பிரிசில்லா ஆரம்பித்தாள்.

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "நேத்தா? நேத்து நீ இவுங்களைப் போய்ப் பாத்தியா?"

"ஆமா சார். உண்மையச் சொல்லுங்கன்னு கேக்கத்தான் போனேன்."

டாக்டர் ஸ்ரீமதி ஒரு தடவை தலையை ஆட்டினார். சொல்லிக் கொடுத்தாற்போல ஐந்து பேரும் ஒரே பதில் சொன்னதற்குக் காரணம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அரை மணி நேரத்தில் கடிதம் தட்டச்சாகி வந்தது. பொய்ப் பதிவு என்று ஒன்று, சாட்சிகளைத் தயார் செய்தது என்று இன்னொன்று. போனபோது ஒரு குற்றம், வந்தபோது இரண்டு. அனுபவச் சான்றிதழ் கிடையாது என்றும் கடைசியில் ஒரு வரி இருந்தது.

கீழே வேப்ப மரத்தடியில் ஜீப்புக்காக ஐந்து பேரும் காத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல எல்லார் முகத்திலும் சந்தோஷம். பிரிசில்லா கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்த வேண்டும் என்றுதான் வந்தாள். படியில் இறங்கும்போதே வார்த்தைகளைக்கூடக் கோத்து வைத்திருந்தாள்.

ரத்தினம்மாள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்புடிச் சொன்னோம் பாத்தியா? நீ கெடக்கற, சின்னப் பொண்ணு, ஒனக்கு இன்னா தெரியும். நாங்க நடக்கலன்னு சொன்னா, இவ ஒழுங்கா சொல்லிக் குடுக்கலன்னு ஒன் மேலதான பாய்வாங்க? அன்னிக்கு அந்த ஆளு கோயிலாண்ட ஒன்ன அழ வெச்சானே, அது எங்களுக்கு மறந்துடுமா? ராத்திரியே நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். ஒன்ன வுட்டுக் குடுக்கறதில்லன்னு."

கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இனிமே ஒன்ன ஒருத்தன் ஒண்ணும் சொல்ல முடியாது பாப்பா."

பிரிசில்லாவுக்கு அவர்கள்மேல் அப்போது வந்த கோபத்தைப் போல வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை. அந்தக் கையை உதறிவிட வேண்டும் போலிருந்தது. ரத்தினம்மாள் பல்லெல்லாம் தெரிய அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு நல்ல வார்த்தைக்காக.

"நல்லா சொன்னீங்கம்மா" என்றாள் பிரிசில்லா.

"வர்ற செவ்வாக்கெழமை வருவ இல்ல?"

"வரேம்மா."

முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல முடியாமல் போவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.